காப்பி பண்ணு, எண்ணிப் பாரு, அப்புறம் அழி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் நாக்பூர் வீட்டில் பெரிய சத்தம். சத்தம் போட்டவன் நான்தான்.

விஷயம் சின்னது. ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் புதுப் போன் வாங்கியிருந்தோம். அடுத்த வாரம் பாளையங்கோட்டை போகும்போது கையோடு கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் வீட்டுக் கணினியில் இருந்து கொஞ்சம் பக்திப் பாட்டு, பேரப்பிள்ளைகள் படம், கூடவே ஒரே ஒரு சின்ன ஒலிக்கோப்பு ஏற்ற வேண்டும். கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் மகள், "நீங்க உக்காருங்கப்பா, நான் பண்றேன்" என்று கம்பியைச் செருகினாள். கோப்புகளை எல்லாம் தேர்ந்தெடுத்தாள். 'கட்' கொடுத்தாள். 'பேஸ்ட்' மேல் விரல் போகும்போது நான், "நிறுத்து!" என்று கத்திவிட்டேன். அடுப்படியில் இருந்து தங்கமணி கரண்டியோடு ஓடி வந்தார்.

"என்னப்பா, ஃபைல்தானே?" என்றாள் மகள்.

ஃபைல்தான். ஆனால் அந்த வார்த்தைக்கு நான் ஏற்கனவே ஒருமுறை விலை கொடுத்திருக்கிறேன். ஊரை விட்டு வந்து இருக்கும் எல்லாக் குடும்பத்துக்கும் இது உதவும் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளவும் :-)

நான் பி.காம். கணினிப் படிப்பு எதுவும் கிடையாது. 2002-ல் வங்கியில் சேர்ந்தபோது என் முதல் கிளையில் இருந்தது யூனிக்ஸ். கருப்புத் திரை, அதில் எழுத்து மட்டும். மவுஸ் கிடையாது. சாயங்காலம் கணக்கு முடித்ததும் அன்றைய வேலை முழுவதையும் டேப்பில் ஏற்ற வேண்டும். அந்த டேப்பை மறுநாள் இன்னொரு கிளைக்கு அனுப்பி அங்கே பூட்டி வைப்பார்கள். கிளை எரிந்து போனாலும் கணக்கு எரியக் கூடாது என்பதுதான் காரணம். எனக்குச் சொல்லிக்கொடுத்த மேலாளர், டேப் முடிந்ததும் அதைத் திரும்பப் படித்துப் பார்க்காமல் வீட்டுக்கு விடமாட்டார். "எழுதினது முக்கியமில்ல தம்பி, திரும்பப் படிக்க முடியுதா அதுதான் முக்கியம்" என்பார். அப்போது எரிச்சலாக இருக்கும். கடைசி பஸ் போய்விடும் அல்லவா!

அந்தப் பழக்கத்தில் வீட்டுக்குக் கணினி வாங்கியபோதும் லினக்ஸ்தான். 2006-ல் சிலிகுரியில் இருந்தேன். உபுண்டுக்காரர்கள் அப்போது கேட்டவர்களுக்கெல்லாம் குறுந்தகட்டைத் தபாலில் இலவசமாக அனுப்புவார்கள் (2011-ல் அதை நிறுத்திவிட்டார்கள்). வெளிநாட்டு உறையில் வந்த தகட்டைத் தபால்காரர் ஏதோ பெரிய சமாச்சாரம் என்று நினைத்துக் கையெழுத்தெல்லாம் கேட்டார். அன்றிலிருந்து இன்றுவரை ஐந்து ஊர், மூன்று கணினி மாறியும் வீட்டில் லினக்ஸ்தான்.

இனி அந்தக் கதை.

2009-ல் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவைத் திண்ணையில் உட்காரவைத்துப் பேசச் சொல்லி, கையிலிருந்த நோக்கியா போனில் பதிவு செய்தேன். ஐந்து பதிவுகள். அவர் பள்ளிக்கூடம் போன கதை, தாத்தா நிலம் விற்ற கதை, 1992 நவம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்த கதை இப்படி. புளூடூத் வழியாகக் கணினியில் ஏற்றி வைத்தேன். 2011-ல் அப்பா தவறிவிட்டார்.

2012 மே மாதம். அப்போது போபாலில் வேலை. அம்மா போனில், "எய்யா, அவுக பேசுனத நீ பிடிச்சு வச்சியே, அத எனக்குக் கேக்கத் தருவியா?" என்றாள். ஊருக்குக் கிளம்பும் நாள். திருக்குறள் எக்ஸ்பிரஸ் தினமும் ஓடும் வண்டி இல்லை, விட்டால் போச்சு. அம்மாவின் போனுக்கு ஒரு மெமரி கார்டு வாங்கி, முதலில் ஒரு கட்டுப் பாட்டை அதில் தள்ளினேன். பிறகு அப்பாவின் ஐந்து பதிவுகளை. 'காப்பி' இல்லை, 'மூவ்'. எதற்கு இரண்டு இடத்தில் என்ற நினைப்பு. கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்தது. வாசலில் ஆட்டோ ஹாரன். கார்டைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

ஊரில் போய்ப் போட்டால் ஐந்து கோப்பின் பெயரும் இருந்தது. அளவு எல்லாவற்றுக்கும் பூஜ்யம்.

ஏன் அப்படி ஆனது என்று பின்னால்தான் புரிந்தது. லினக்ஸில், பொதுவாக யூனிக்ஸ் வம்சத்திலேயே, கார்டுக்கு எழுதச் சொன்னால் அது உடனே கார்டில் போய் உட்காராது. முதலில் கணினியின் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, "ஆச்சு" என்று நமக்குச் சொல்லிவிடும். பிறகு தன் வசதிக்கு மெதுவாகக் கார்டில் இறக்கும். வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு, தப்பில்லை. ஆனால் என் விஷயத்தில் முன்னால் பாட்டுக்கட்டு வரிசையில் நிற்கிறது, அப்பா அதற்குப் பின்னால் நிற்கிறார். அவர் முறை வருவதற்குள் நான் கார்டைப் பிடுங்கிவிட்டேன். இரண்டு தட்டுகளுக்கு இடையே 'மூவ்' என்பது உண்மையில் நகர்த்துவதே இல்லை. நகல் எடுத்துவிட்டு மூலத்தை அழிப்பது. நகல் காற்றில் இருக்கும்போதே மூலம் அழிந்துவிட்டது.

திரும்பி வருவதற்கு இரண்டு வாரம் ஆனது. வந்ததும் அழிந்த கோப்பைத் தேடித் தரும் போட்டோரெக் நிரலை ஒரு இரவு முழுக்க ஓட்டினேன். அதற்கு முன்னாலேயே அந்தத் தட்டில் வேறு என்னென்னவோ எழுதப்பட்டிருந்தது. ஐந்தில் ஒன்று, அதுவும் பாதி கிடைத்தது. 1 நிமிடம் 50 விநாடி. வெள்ளக் கதை. நடுவில் ஒரு வாக்கியத்தில் அறுந்து நிற்கும்.

யாரையும் குறை சொல்வதற்கில்லை. கணினி சரியாகத்தான் வேலை செய்தது. பத்து வருஷம் வங்கியில் இருந்தும் வங்கியில் படித்ததை வீட்டில் செய்யாத மடையன் நான்தான்.

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கணினியில் இருந்து போனுக்கு ஒரு கோப்பை அனுப்புவது தொழில்நுட்ப வேலை இல்லை. அது பணம் அனுப்புகிற வேலை மாதிரி. ஒரு கிளையில் இருந்து இன்னொரு கிளைக்கு ரொக்கம் போகும்போது என்ன செய்கிறோம்? வண்டி கிளம்பிவிட்டது என்பதற்காக அனுப்பிய கிளை கணக்கை முடித்துவிடாது. அந்தப் பணம் 'வழியில் உள்ள பணம்' என்று தனியாக நிற்கும். அங்கே இறக்கி, எண்ணி, "வந்து சேர்ந்தது, சரியாக இருக்கிறது" என்று ஒப்புகை வந்த பிறகுதான் பதிவு தீரும். ஆயிரம் ரூபாய்க்கே இந்த முறை என்றால், அப்பா குரலுக்கு?

சரி, போன் விஷயத்தில் இந்தத் தொல்லை ஏன் வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன்.

வேடிக்கை என்னவென்றால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். யூனிக்ஸ் 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கியது. அதே பாணியில் 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது லினக்ஸ். ஆண்ட்ராய்டு போனின் உள்ளே ஓடும் கருவும் அதே லினக்ஸ்தான். ஆனாலும் அண்ணனும் தம்பியும் கம்பியில் நேராகப் பேசிக்கொள்ள மாட்டார்கள். நடுவில் எம்.டி.பி. என்று ஒரு தரகர். அந்தத் தரகர் மைக்ரோசாப்ட் வீட்டுப் பிள்ளை, பாட்டுக் கேட்கும் கருவிகளுக்காகப் பிறந்தவர்!

காரணம் இருக்கிறது. பழைய போன்களைச் செருகினால் பென் டிரைவ் மாதிரித் தெரியும். அதாவது போன் தன் ஸ்டிராங் ரூம் சாவியையே கணினியிடம் கொடுத்துவிடும். அந்த நேரம் போனால் அந்த இடத்தைத் தொட முடியாது. இரண்டு பேர் ஒரே பெட்டியில் எழுதினால் கணக்கு நாறிவிடும். 2011 வாக்கில் ஆண்ட்ராய்டு இதை மாற்றத் தொடங்கியது. இப்போது சாவி போனிடமே இருக்கும். கவுன்டரில் உட்கார்ந்து, கேட்ட கோப்பை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டும், கொடுத்ததை வாங்கி வைக்கும். பத்திரம்தான், ஆனால் மெதுவு. ஒரு வேலை முடிந்துதான் அடுத்தது. பெரிய கட்டு அனுப்பும்போது போன் திரை பூட்டிக்கொண்டாலோ கம்பி கொஞ்சம் ஆடினாலோ பாதியில் நிற்கும். எங்கே நின்றது என்று நாம்தான் தேட வேண்டும். படங்களின் தேதி மாறிப் போவதும் உண்டு.

வீட்டில் நான் இப்போது செய்வது இதுதான்.

சின்னக் கட்டு என்றால் கம்பியே போதும். செருகியதும் போனில் வரும் அறிவிப்பைத் தட்டி 'கோப்புப் பரிமாற்றம்' என்று மாற்ற வேண்டும். இல்லையென்றால் வெறும் சார்ஜ் ஏறும். "கம்ப்யூட்டர்ல போனே தெரியல" என்று எனக்கு வரும் புகார்களில் பாதிக்கு இதுதான் தீர்வு.

ஒரே வைஃபையில் இரண்டும் இருந்தால் கே.டி.ஈ. கனெக்ட் நன்றாக வேலை செய்கிறது. கணினியிலும் போனிலும் நிறுவி ஒருமுறை ஜோடி சேர்த்தால் போதும்.

போனில் எதையும் நிறுவப் பிடிக்காதவர்களுக்கு ஒரு குறுக்குவழி. லினக்ஸில் பெரும்பாலும் பைத்தான் இருக்கும். அதன் எச்.டி.டி.பி. சர்வர் என்ற ஒரு வரிக் கட்டளையைக் கோப்புகள் இருக்கும் அடைவில் ஓடவிட்டால், போனின் உலாவியில் கணினியின் முகவரியும் 8000 என்ற எண்ணும் போட்டு, வேண்டியதை இறக்கிக்கொள்ளலாம். ஒரே எச்சரிக்கை: அதே வைஃபையில் இருக்கும் எவரும் அந்த அடைவைப் பார்க்கலாம். வேலை முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஓட்டல், ரயில் நிலையம் பக்கமெல்லாம் வேண்டவே வேண்டாம்.

பெரிய கட்டு, விட்ட இடத்தில் இருந்து தொடர வேண்டும் என்றால் ஆர்சிங்க். போனில் டெர்மக்ஸ் என்ற செயலி வழியாக இதைச் செய்யலாம். கொஞ்சம் கற்றுக்கொள்ள வேண்டும், ஆனால் வாழ்நாள் முழுக்க உதவும்.

எந்த வழியானாலும் சட்டம் ஒன்றுதான். 'கட்' கிடையாது, 'காப்பி' மட்டும். முடிந்ததும் முறைப்படி வெளியேற்றிவிட்டுக் கம்பியைக் கழற்று. கழற்றிய பிறகு போனில் திற. கம்பி இருக்கும்போது திறந்தால் அது கணக்கில் வராது. எத்தனை கோப்பு போனது, எத்தனை வந்தது, அளவு சரியா என்று பார். குரல் பதிவு என்றால் முதலில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் கேள். இன்னும் கறாராக வேண்டுமானால் எஸ்.எச்.ஏ.256 கூட்டுத்தொகை போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு கோப்புக்கும் 64 எழுத்தில் ஒரு கைரேகை வரும், ஒரு புள்ளி மாறினாலும் ரேகை முழுக்க மாறிவிடும். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் ஒப்புகை வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் அழிப்பதா வேண்டாமா என்று யோசிக்கலாம். குடும்ப விஷயம் என்றால் அழிக்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

இது லினக்ஸ்காரர்கள் சமாச்சாரம் என்று மற்றவர்கள் தப்பிக்க வேண்டாம். விண்டோஸ் 10-ல் 2018-ல் வந்த 1809 பதிப்பில் இருந்து பென் டிரைவுக்கு 'உடனே கழற்றலாம்' என்ற ஏற்பாட்டை வழக்கமாக்கினார்கள். அதிலும் எழுதிக்கொண்டு இருக்கும்போது பிடுங்கினால் போனது போனதுதான்.

"இதெல்லாம் எதுக்குப்பா, கிளவுட்ல போட்டா போச்சு" என்கிறாள் மகள். அவள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. நானும் ஒரு நகல் அங்கே வைத்திருக்கிறேன். ஆனால் அங்கே மட்டும் வைப்பதை நான் எதிர்க்கிறேன். கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாக ஏற்றலாம் என்று இருந்தது 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. இரண்டு வருஷம் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்ற விதியை 2023 டிசம்பரில் இருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் கடை, அவர்கள் விதி, தப்பு சொல்ல முடியாது. ஆனால் இறந்துபோனவர் கணக்கை யார் தொடுவார்கள்? வங்கியில் நாமினி கேட்டு நாங்கள் தொண்டை வறண்டு போகிறோம். அப்பா அம்மாவின் கூகுள் கணக்குக்கு நாமினி போட்டிருக்கிறீர்களா? அதற்கும் 'செயல்படாத கணக்கு மேலாளர்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. இன்றைக்கே போட்டு வையுங்கள்.

வாட்ஸப்பில் அனுப்பினால் போதாதா என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாதாரணமாக அனுப்பும் படத்தை அது சுருக்கித்தான் அனுப்பும். மூலம் வேண்டுமானால் 'ஆவணம்' என்று இணைத்து அனுப்புங்கள். அப்படியே இன்னொன்றும்: தெரியாத எண்ணில் இருந்து வங்கி பெயரில் ஏ.பி.கே. கோப்பு வந்தால் தொடாதீர்கள். எந்த வங்கியும் வாட்ஸப்பில் செயலி அனுப்பி கே.ஒய்.சி. கேட்காது. இதை ஒரு வங்கிக்காரனாகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நம்மை மாதிரி ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். ஊரிலேயே இருக்கும் குடும்பத்தில் பிள்ளைகள் தாத்தாவை நேரில் பார்த்து வளரும். நம் பிள்ளைகளுக்குத் தாத்தா என்பது வருஷத்துக்குப் பதினைந்து நாள். மிச்சமெல்லாம் கோப்புதான். மூன்று வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்பர், ஒவ்வொரு முறையும் லாரியில் ஏறி இறங்கும்போது ஏதாவது ஒன்று தொலையும். வெங்கலப் பானை தொலைந்தால் வாங்கிவிடலாம்.

"யாருக்கு நேரம் இருக்கு?" என்பது நியாயமான கேள்வி. தினமும் கேட்கவில்லை. பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறோம் இல்லையா, அன்றைக்கு ஒரு மணி நேரம். போனில் இருப்பதைக் கணினிக்கு, கணினியில் இருப்பதை ஒரு வெளித்தட்டுக்கு, அந்தத் தட்டை ஊருக்குப் போகும்போது அண்ணன் வீட்டு பீரோவுக்கு. என் முதல் மேலாளர் டேப்பை வேறு கிளைக்கு அனுப்பினாரே, அதேதான்.

கடைசியில் அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன ஆச்சு என்றால், மகளை உட்காரவைத்து இந்தக் கதை முழுக்கச் சொன்னேன். 2012-ல் அவளுக்கு நாலு வயசு, எதுவும் தெரியாது. ஒன்றும் பேசாமல் 'கட்'டை விட்டுவிட்டு 'காப்பி' கொடுத்தாள். கம்பியைக் கழற்றிவிட்டு, போனில் போட்டுக் கடைசி வரைக்கும் கேட்டாள். 1 நிமிடம் 50 விநாடி. தாத்தா குரலை அவள் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

பாளையங்கோட்டையில் அம்மாவிடம் போனைக் கொடுத்துப் போட்டுக் காட்டினேன். குறுக்குத்துறை கோயிலை மூடிக்கொண்டு தண்ணீர் போனதை அப்பா சொல்லிக்கொண்டே வருகிறார். "நானும் உங்கம்மாவும் மாடியில..." என்று அறுந்துவிடுகிறது. அம்மா கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு, "மாடியிலதான் நின்னோம். அடுத்த வீட்டு ஆட்டுக்குட்டிய இவுகதான் தூக்கிட்டு வந்தாக. அதச் சொல்ல வந்துருப்பாக" என்று தொடங்கி, மீதிக் கதையை அரை மணி நேரம் சொன்னாள். மகள் பேசாமல் தன் போனில் பதிவு பொத்தானை அழுத்தி ஆச்சி பக்கத்தில் வைத்தாள்.

நாக்பூர் வந்து சேர்ந்த அன்றே அதைக் கணினியில் ஏற்றினாள். இரண்டு இடத்தில். எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒப்புகை வந்தாச்சுப்பா" என்றாள்.

உங்கள் வீட்டில் அப்பா அம்மா குரல் எங்கே இருக்கிறது? போன் இல்லாமல் தேடிப் பார்த்துச் சொல்லுங்கள்.

டிஸ்கி: மேலே சொன்ன எதையும் அலுவலகக் கணினியில் செய்து பார்க்க வேண்டாம். போனைச் செருகினால் மெமோ வரும் :-)